பத்து வயசு மகன் தொழுகைக்கு மழுப்புறான்: அடிக்கலாமா, அடிச்சே ஆகணுமா?

இருவரின் உம்மா:

அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவனுக்குப் பத்து வயசு முடிஞ்சிருச்சு, சின்னவளுக்கு ஆறு. பெரியவனை இதுவரைக்கும் தொழச் சொல்லாம இல்லை. எனக்கு ஞாபகம் வந்தா சொல்வேன், அவனுக்கு மனசு வந்தா வந்து நிப்பான். இப்படித்தான் ஓடிட்டிருந்துச்சு.

போன மாசம் ஜும்ஆ பயான்ல (வெள்ளிக்கிழமைப் பேச்சுல) "பத்து வயசாகியும் தொழலைன்னா அடிங்க"ங்கிற ஹதீஸைச் சொல்லியிருக்காங்க. அதைக் கேட்டுட்டு வந்ததுலேர்ந்து என் வீட்டுக்காரர் ஒரு மர ஸ்கேலை அலமாரி மேல வச்சிருக்கார். முரட்டு மனுஷர் எல்லாம் இல்லை. கெண்டைக்கால்லயும் உள்ளங்கையிலயும் ரெண்டு மூணு தடவை போட்டிருக்கார், அவ்வளவுதான். ஆனா பாங்கு சொன்ன உடனே பையன் கண்ணு நேரா அந்த அலமாரிக்குத்தான் போகுது.

இப்ப என் பிரச்சினையே வேற. அத்தா வீட்டில இருந்தா தொழுறான். இல்லேன்னா தொழுதுட்டேன்னு சொல்றான். அன்னைக்கு அஸருக்கு (சாயங்காலத் தொழுகைக்கு) "ஒளூ செஞ்சாச்சு"ன்னு வெளிய வந்தான். ஒளூன்னா தொழுகைக்கு முன்னால முகம், முழங்கை வரைக்கும் கை, கால் எல்லாம் கழுவுறது. முன்நெத்தி முடி நல்லா நனைஞ்சிருக்கு, தண்ணி சொட்டுது. முழுக்கை சட்டை, மணிக்கட்டுப் பட்டன் போட்டது போட்டபடி இருக்கு. துணியில ஒரு பொட்டு ஈரம் இல்லை. காலைப் பார்த்தேன், விளையாடிட்டு வந்த மண்ணு விரல் இடுக்குல அப்படியே இருக்கு. தலையை மட்டும் குழாய்ல காட்டிட்டு வந்திருக்கான். அப்படியே முஸல்லாவில நின்னு, குனிஞ்சு நிமிர்ந்து, நாலு ரக்அத்தையும் நான் அடுப்பை அணைச்சுட்டு வர்றதுக்குள்ள முடிச்சுட்டான்.

நான் பார்த்ததை அவங்க அத்தாகிட்ட சொல்லலை. சொன்னா ஸ்கேல் இறங்கும். மறைச்சதுக்கு எனக்குப் பாவமா? எங்க மாமி "அடியாத மாடு படியாது, நீதான் செல்லம் கொடுத்துக் கெடுக்குற"ங்கிறாங்க. அந்த ஹதீஸ் சரியானதுதானா? அடிக்கிறது அனுமதியா, இல்ல அடிச்சே தீரணுமா? இன்னொண்ணு, சின்னவ இதையெல்லாம் பார்த்துக்கிட்டே இருக்கா. அவளுக்கு அடுத்த வருஷம் ஏழு.

யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கறார் வாப்பா:

வஅலைக்குமுஸ்ஸலாம். இதுல கேட்க என்ன இருக்கு சகோதரி? நபிமொழி தெளிவா இருக்கு. எங்க வாப்பா பெல்ட்டால அடிச்சார், இன்னைக்கு நான் ஜமாஅத்தை (கூட்டுத் தொழுகையை) விடுறதில்லை. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பிகூட உதவ மாட்டான். கணவர் கண்டிக்கிறார், நீங்க மறைக்கிறீங்க. வீட்டில ரெண்டு சட்டம் இருந்தா பிள்ளை எந்தச் சட்டத்துக்கும் அடங்காது. அவ்வளவுதான்.

கிதாப் புழு:

ஹதீஸ் தரத்தைப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன். ரெண்டு வழியா வருது. ஒண்ணு அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வழியா, அபூதாவூதிலயும் முஸ்னத் அஹ்மதிலயும் இருக்கு. இன்னொண்ணு ஸப்ரா இப்னு மஃபத் (ரலி) வழியா, அபூதாவூதிலயும் திர்மிதியிலயும். முதல்ல உள்ளதுல ஸவ்வார் இப்னு தாவூத், ரெண்டாவதுல அப்துல் மலிக் இப்னு ரபீஃன்னு அறிவிப்பாளர்கள் வர்றாங்க. ரெண்டு பேரைப் பத்தியும் ஹதீஸ் கலை அறிஞர்கள்கிட்ட விமர்சனம் உண்டு. ஆனா ரெண்டையும் சேர்த்துப் பார்த்து ஏத்துக்கிட்டவங்கதான் அதிகம். புகாரியிலயும் முஸ்லிமிலயும் இது இல்லை.

மக்தப் உஸ்தாத்:

வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹ். சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறதுதான் என் வேலை, தாடி கறுப்பா இருந்த காலத்துலேர்ந்து. கொஞ்சம் நீளமா எழுதுவேன் தங்கச்சி, பொறுத்துக்கங்க.

ஹதீஸ் பலவீனம்னு சொல்லி நான் நழுவ மாட்டேன். ஃபிக்ஹ் சட்டம் எழுதினவங்க அதை வச்சுத்தான் எழுதியிருக்காங்க. ஷாஃபிஈ மத்ஹப் (சட்டப் பள்ளி) கிதாபுகள்ல ஏழு வயசுல ஏவுறதும் பத்து வயசுல அடிக்கிறதும் பொறுப்பாளர் மேல கடமைன்னே இருக்கு. வயசைச் சொல்லியும் தப்பிக்க முடியாது. ஹிஜ்ரி வருஷம் சின்னது, அந்தக் கணக்குல உங்க மகன் பத்தைத் தாண்டி ஏற்கெனவே மூணரை மாசம் ஆகிருச்சு!

ஆனா அந்த ஹதீஸ்ல மூணு பேச்சு இருக்கு. ஏழு வயசுல தொழச் சொல்லுங்க, பத்து வயசுல அதுக்காக அடிங்க, படுக்கையைப் பிரிச்சு வைங்க. பயான்ல நடு வாக்கியம்தான் காதுல விழுந்திருக்கு. முதல் வாக்கியத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க. ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் மூணு ஹிஜ்ரி வருஷம், வருஷத்துக்கு 354 நாள், நாளைக்கு அஞ்சு வேளை. மொத்தம் 5,310 தடவை கூப்பிடணும். அத்தனை தடவையும் கூப்பிடுறவர் தானும் எழுந்து நிக்கணும், அது சொல்லாமலே அடங்கியிருக்கு. உங்க வீட்டில "ஞாபகம் வந்தா சொன்னேன்"னு நீங்களே எழுதியிருக்கீங்க. பாடமே நடத்தாத வாத்தியார் நேரா பரீட்சை வச்சு, பிரம்பையும் எடுத்தா எப்படி? அப்ப உங்க வீட்டுக்காரர் இப்ப இருக்க வேண்டிய இடம் ஏழு வயசு. பத்து இல்லை.

இப்ப சட்டத்துக்கு வருவோம். வயசுக்கு வராத பிள்ளை தொழலைன்னா அது பேர்ல பாவம் எழுதப்படாது. தூங்குறவர் முழிக்கிற வரை, சிறுவர் பருவம் அடையுற வரை, புத்தி சுவாதீனம் இல்லாதவர் தெளியுற வரை, இந்த மூணு பேரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்குன்னு நபி (ஸல்) சொல்லியிருக்காங்க. பாவமே இல்லைன்னா தண்டனைக்கு என்ன வேலை? அதனாலதான் இமாம்கள் இதைப் பழக்கிவிடுறதுன்னு மட்டும் பார்த்தாங்க. பழக்கிவிடுறதுன்னா, அதால பிள்ளை பழகுதான்னு பார்க்கணும். ஹிஜ்ரி 660-ல மறைஞ்ச ஷாஃபிஈ இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் இதை நேராவே கேட்கிறார்: கடுமையா அடிச்சாத்தான் பிள்ளை திருந்தும்னு இருந்தா என்ன செய்யுறது? அவர் பதில், எந்த அடியும் கூடாது. கடுமையான அடிக்கு அனுமதி இல்லை, லேசான அடியால பலன் இல்லை, அதனால ரெண்டும் கூடாது. கறார் வாப்பா சகோதரர் இந்த இடத்தை ரெண்டு தடவை வாசிக்கணும்னு கேட்டுக்கிறேன்.

ஹனஃபி மத்ஹப்ல இப்னு ஆபிதீன்ங்கிற அறிஞர் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். தொழுகைக்காக அடிக்கிறது கையாலதான், கம்பால கூடாது, மூணுக்கு மேல போகக் கூடாது. அப்ப மர ஸ்கேல் அங்கயே அடிபட்டுப் போச்சு. பெல்ட் பேச்சுக்கே இடமில்லை. முகத்துல அடிக்கிறதுக்குப் பொதுவாவே தடை இருக்கு, புகாரியிலயும் முஸ்லிமிலயும் உள்ள ஹதீஸ். தழும்பு விழுற அடி எந்த மத்ஹபிலயும் கிடையாது. ஷாஃபிஈ சட்டத்துல அடியால பிள்ளைக்குச் சேதம் வந்தா, அது பெத்தவங்களா இருந்தாலும் ஓதிக்கொடுக்கிறவரா இருந்தாலும் ஈடு கட்டணும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க ஹஜ்ரத்"னு பிள்ளையைக் கொண்டுவந்து விடுறாங்களே, அந்தத் தோலை எனக்குக் கொடுக்க அவங்களுக்கு உரிமை இல்லை. எனக்கு வாங்கவும் உரிமை இல்லை.

சட்டப்பேச்சு போதும். நபி (ஸல்) வீட்டில என்ன நடந்துச்சுன்னு பார்க்கணும், எனக்கு அதுதான் பெருசு. ஆயிஷா (ரலி) சொல்றாங்க, போர்க்களத்தைத் தவிர அவங்க தன் கையால எதையுமே அடிச்சதில்லை, எந்தப் பெண்ணையும் இல்லை, எந்தப் பணியாளையும் இல்லை. முஸ்லிம்ல இருக்கு. "அடிங்க"ங்கிற வார்த்தை வந்த அதே வாய்க்குச் சொந்தமான கை அது.

அனஸ் (ரலி) சின்னப் பையனா அவங்க வீட்டில பத்து வருஷம் வேலை பார்த்தவர். ஒரு நாள் நபி (ஸல்) ஒரு வேலையா அவரை அனுப்புறாங்க. பையன் என்ன சொல்றார் தெரியுமா? "அல்லாஹ் மேல ஆணையா போக மாட்டேன்." மனசுக்குள்ள போகணும்னுதான் இருக்கு, வாய் அப்படிச் சொல்லிருச்சு. பத்து வயசுப் பிள்ளை வளர்த்தவங்களுக்கு இது புரியும். அப்புறம் கிளம்பிப் போறார், வழியில சந்தையில பசங்க விளையாடுறாங்க, அங்கேயே நின்னுட்டார். திடீர்னு பின்னாலேர்ந்து ஒரு கை பிடரியைப் பிடிக்குது. திரும்பிப் பார்த்தா நபி (ஸல்) சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. "உனைஸ் (அனஸுக்குச் செல்லப் பேர்), நான் சொன்ன இடத்துக்குப் போனியா?" "இதோ போறேன் அல்லாஹ்வின் தூதரே." கதை அவ்வளவுதான். எதிர்த்துப் பேச்சு, சத்தியம், சொன்ன வேலையை விட்டுட்டு வேடிக்கை, மூணும் ஒரே நாள்ல. நம்ம வீடா இருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்த அனஸ்தான் பின்னால சொல்றார், பத்து வருஷத்துல என்னை "சீ"ன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஏன் செஞ்சே, ஏன் செய்யலைன்னு கேட்டதில்லைன்னு. பிடரியைப் பிடிச்ச கையைப் பத்தி அவருக்கு வயசான காலத்துல ஞாபகம் இருந்தது அந்தச் சிரிப்பு.

உங்க பையனோட காய்ஞ்ச சட்டைக்கையைப் பத்திப் பேசணும். இது புதுசில்லை. 1377-ல முகத்திமாங்கிற நூலை எழுதின வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன், பிள்ளைகள்கிட்ட கடுமை காட்டுறதைப் பத்தித் தனியா ஒரு பகுதியே எழுதியிருக்கார். கடுமையில வளர்ற பிள்ளை சுருங்கிப் போகும், சோம்பேறியாகும், மேல கை விழுமோன்னு பயந்து மனசுல உள்ளதுக்கு மாத்தமா வெளியில காட்டும், பொய்யும் தந்திரமும் கத்துக்கும், அப்புறம் அதுவே குணமாயிடும்கிறார். நனைஞ்ச முன்முடியும் காய்ஞ்ச சட்டைக்கையும் அதுதான். நீங்க அடிச்சு வாங்கினது தொழுகை இல்லை தங்கச்சி, தொழுகை மாதிரி ஒண்ணு.

எனக்கு மக்தப்ல இது நல்லாவே தெரியும். வீட்டில அடி வாங்குற பிள்ளையை யாரும் சொல்லாமலே கண்டுபிடிச்சிடலாம். முன்னால உக்காந்து ஓதும்போது, பக்கத்தைப் புரட்ட நான் கையை நீட்டுவேன். மத்த பிள்ளை கிதாபைப் பார்க்கும். இந்தப் பிள்ளை தோள் காது வரைக்கும் ஏறும், ஒரு கண்ணு மூடும். அப்புறம் அது ஓதுற ஓத்துல எனக்கு நம்பிக்கை இருக்காது, ஏன்னா அது சரியா ஓதுறதைவிட என் முகத்தைப் படிக்கிறதுலதான் கெட்டிக்காரனா இருக்கும். தொழுகையிலயும் அதுங்கதான் முதல்ல ருகூவுக்குப் போகும், முதல்ல எழுந்து ஓடும்.

நீங்க மறைச்சது பாவமான்னு கேட்டீங்க. பையனை அடிக்குக் காட்டிக்கொடுக்காதது பாவம் இல்லை. ஆனா பையன்கிட்டயே மறைக்காதீங்க, நீங்க பார்த்தது அவனுக்குத் தெரியணும். குரலை உயர்த்தாம, "முழங்கை நனையலை, கால்ல மண்ணு இருக்கு, ஒளூ கூடலை, செஞ்சுட்டு வா"ன்னு சட்டமா சொல்லுங்க. திருடனைப் பிடிச்ச மாதிரி இல்லாம, தப்பா ஓதினா திருத்துவோமே, அந்தக் குரல்ல. முடிஞ்சா சட்டைக்கையை நீங்களே மடிச்சு விடுங்க.

வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு. போய்த் தொழுன்னு சொல்லாம, வா தொழலாம்னு சொல்லட்டும். ரெண்டு பேரும் ஒரே குழாய்ல ஒளூ செய்யட்டும். எடுத்த எடுப்புல அஞ்சு வேளையையும் கேட்க வேணாம். இது கடமையாகாத பிள்ளை, பழக இடம் இருக்கு. எல்லாரும் வீட்டில இருக்குற ஒரு வக்தை (தொழுகை வேளையை) பிடிங்க. மஃரிப் (அந்தித் தொழுகை) நல்லது, மூணு ரக்அத், நேரமும் குறுகல், தள்ளிப்போட முடியாது. இகாமத் (தொழுகை தொடங்குதுன்னு சொல்ற அழைப்பு) சொல்றதைப் பையன் பொறுப்பாக்குங்க. அவன் சொல்லாம ஜமாஅத் தொடங்கக் கூடாது. விளையாட்டுக்கு வைக்கிற வேலை இல்லை இது, வீட்டில அவனுக்குன்னு ஒரு இடம். அது ஊன்றினப்புறம் அடுத்த வக்து. "உம் குடும்பத்தாரைத் தொழுகைக்கு ஏவுவீராக, அதில் நீரும் பொறுமையோடு நிலைத்திருப்பீராக"ன்னு தாஹா சூராவில 132-ஆவது வசனம். பொறுமையை அங்க பெரியவங்ககிட்டதான் கேட்டிருக்கு, பிள்ளைகிட்ட இல்லை.

கறார் வாப்பா:

உஸ்தாத், மரியாதையோட கேட்கிறேன். ஹதீஸ் "அடிங்க"ங்குது, நீங்க பக்கம் பக்கமா எழுதிக் கடைசியில "அடிக்காதீங்க"ன்னு முடிக்கிறீங்க. மேற்கத்திய நாட்டுச் சட்டமெல்லாம் பார்த்து நம்ம ஆளுங்களும் மென்மையாகிட்டாங்கன்னு நினைக்கிறேன். அப்ப ஹதீஸை என்ன செய்யுறது?

மக்தப் உஸ்தாத்:

சகோதரரே, பேர் சொன்னவங்க எல்லாரும் எந்த ஊர்க்காரங்கன்னு பாருங்க. இமாம் இஸ்ஸுத்தீனும் இப்னு ஆபிதீனும் திமிஷ்க் (டமாஸ்கஸ்) ஊர்க்காரங்க. ஓதிக்கொடுக்கிறவங்களுக்கான ஒழுக்கங்களை எழுதின முஹம்மத் இப்னு ஸஹ்னூன் ஹிஜ்ரி 256-ல மறைஞ்சவர், துனீசியாவுல உள்ள கைரவான்காரர். உஸ்தாதுக்கு மூணு அடிக்கு மேல கிடையாது, தலையிலயும் முகத்துலயும் கூடவே கூடாதுன்னு எழுதியிருக்கார். அதே ஊர் இப்னு அபீ ஸைதும் மூணுன்னுதான் சொல்றார், இப்னு கல்தூன் அவரைத்தான் எடுத்துக்காட்டுறார். இப்னு கல்தூன் 1332-ல துனிஸ்ல பிறந்தவர். அந்த துனீசியாதான் 2010-ல பெத்தவங்க அடிக்கிறதையும் சேர்த்துச் சட்டத்துல தடை செஞ்சுச்சு. மேற்கேர்ந்து வந்ததுன்னா, மக்ரிப் மேற்குலேர்ந்து (வட ஆப்பிரிக்காவுலேர்ந்து) வந்ததா வேணா வச்சுக்கலாம்!

ஹதீஸை என்ன செய்யுறதுன்னு கேட்டீங்க. முழுசா செய்யணும். முதல் வாக்கியத்தை மூணு வருஷம் செஞ்சுட்டு வாங்க, ரெண்டாவது வாக்கியத்தைப் பத்தி அப்ப பேசலாம். என் அனுபவத்துல முதல் வாக்கியத்தை ஒழுங்கா செஞ்ச யாரும் ரெண்டாவதுக்கு விளக்கம் கேட்டு என்கிட்ட வந்ததில்லை. ஒரு வேளை எங்கயாவது வந்தாலும், கோபம் இல்லாம, கையால, லேசா, பலன் இருக்கும்னு தெரிஞ்சாத்தான். அப்படியும் அவசியமான்னு கேட்டா, நான் செய்ய மாட்டேன். நபி (ஸல்) செஞ்சதா ஒரு சம்பவமும் நமக்கு வரலை. அவங்க மடியிலயும் முதுகுலயும் பிள்ளைகள் ஏறினதுதான் வந்திருக்கு. பேத்தி உமாமாவைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் தொழுதிருக்காங்க. ஸஜ்தாவில இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகுல ஏறிக்கிட்டதால, இறங்குற வரைக்கும் தலையைத் தூக்காம இருந்திருக்காங்க. நஸாயீல இருக்கு, பின்னால தொழுத ஜமாஅத் என்ன ஆச்சோன்னு பயந்தே போச்சு.

கோபம்னு சொன்னதால இதையும் சொல்லிடுறேன். அபூ மஸ்ஊத் (ரலி) ஒரு அடிமையைச் சாட்டையால அடிச்சிட்டிருக்கார். பின்னாலேர்ந்து "தெரிஞ்சுக்க அபூ மஸ்ஊத்"னு ஒரு குரல். கோபத்துல அது யார் குரல்னே தனக்கு விளங்கலைன்னு அவரே சொல்றார். கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது, நபி (ஸல்). அவர் சொல்றது நடு ராத்திரி யோசிச்சாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடும், நபியோட குரல்கூட அடையாளம் தெரியாத அளவுக்குக் கோபம் காதை அடைச்சிருக்கு. "இவன் மேல உனக்கு இருக்குற சக்தியைவிட உன் மேல அல்லாஹ்வுக்கு அதிகச் சக்தி இருக்கு"ன்னாங்க. அவர் அந்த இடத்துலயே அடிமையை விடுதலை செஞ்சார். செய்யலைன்னா நெருப்பு உன்னைத் தீண்டியிருக்கும்னாங்க. இது முஸ்லிம்ல இருக்கு. ஜும்ஆ பயான்ல இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

உங்க வாப்பாவைப் பத்தி ஒரு குறையும் சொல்லலை. நீங்க ஜமாஅத்தை விடாம இருக்கீங்க, அல்ஹம்துலில்லாஹ். அது பெல்ட்டால வந்துச்சா, உங்க வாப்பா தானும் ஜமாஅத்தை விடாம இருந்தாரே, அதால வந்துச்சான்னு நீங்கதான் சொல்லணும்.

பெயர் வேண்டாம்:

வாசிச்சுட்டுப் போயிடலாம்னு இருந்தேன், முடியலை. சின்ன வயசுல நான் ஓதப் போன இடத்துல அடி உண்டு. எந்த இடம், யாருன்னு சொல்ல விரும்பலை. ஜுஸ்உ அம்ம (குர்ஆனோட கடைசிப் பகுதி) மனப்பாடம் செஞ்சிட்டிருந்தோம். அபஸ சூரா வந்தப்ப எனக்கு ஒரு எழுத்து தொண்டையிலேர்ந்து சரியா வரலை, திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி ஒவ்வொரு தப்புக்கும் விரல் முட்டியில விழுந்துச்சு. விரலை மடக்கச் சொல்லி, அது மேல. அந்த சூரா எதைப் பத்தினதுன்னு அன்னைக்கு யாரும் சொல்லித் தரலை. கண் தெரியாத ஒரு ஸஹாபி ஏதோ கேட்டு வந்தப்ப நபி (ஸல்) முகத்தைச் சுளிச்சதுக்காக இறங்கினதுன்னு ரொம்பப் பின்னால, நானா வாசிச்சுத்தான் தெரிஞ்சுது. முகம் சுளிச்சதையே அவருக்குப் பார்க்கக்கூட முடியாது. அதுக்கே ஒரு சூரா.

பெரியவளானதும் குர்ஆனைக் கையில எடுக்கவே இல்லை. கோபம்னு இல்லை, முட்டி வலிக்கும், அவ்வளவுதான். வீட்டில கேட்டா "ஓதினேன்"னு சொல்வேன். மேல எழுதியிருக்கிற பையன் மாதிரியேதான். என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கணும்னு வந்தப்பதான் திரும்பத் தொடங்கினேன், அதுவும் தனியா, கதவைச் சாத்திக்கிட்டு. இன்னும் அந்த எழுத்து எனக்குச் சரியா வர்றதில்லை.

அம்மாமாருங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஓதிட்டு வர்ற பிள்ளையோட கை, கால், முதுகைக் குளிப்பாட்டும்போது பாருங்க. தடம் இருந்தா "என்ன சேட்டை பண்ணே"ன்னு பிள்ளைகிட்ட கேட்காதீங்க. நேரா போய் அடிச்சவங்ககிட்ட கேளுங்க. அங்க கேட்கலைன்னா பிள்ளையை வேற இடத்துல விடுங்க, புகாரும் கொடுங்க. தீன் விஷயம்னு வாயை மூடிக்கிட்டு இருக்காதீங்க. என் வீட்டில இருந்தாங்க.

மக்தப் உஸ்தாத்:

சகோதரி, அல்லாஹ் உங்க ஓத்தை ஏத்துக்கட்டும். குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுறவங்களுக்கு ரெண்டு கூலின்னு புகாரியிலயும் முஸ்லிமிலயும் இருக்கு. அந்த எழுத்து வராமலே இருந்தாலும் நீங்க நஷ்டப்படலை. தடம் இருந்தா கேளுங்கன்னு சொன்னீங்களே, எங்க மக்தப் சுவர்ல எழுதி வைக்கணும்னு தோணுது. எங்களையும் சேர்த்துத்தான் கேட்கணும்.

இருவரின் உம்மா:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரன். உஸ்தாத் எழுதினதை என் வீட்டுக்காரரே வாசிச்சார். முழுசா ஒத்துக்கிட்டார்னு சொல்ல முடியாது. "இப்படியே எல்லாத்தையும் விட்டுக்கொடுத்துட்டுப் போனா பையன் பதினஞ்சு வயசுல என்ன செய்வான்"னு கேட்கிறார். கொஞ்ச காலம் பார்ப்போம்னு இருக்கார். ஆனா ஸ்கேல் இப்ப அலமாரி மேல இல்லை, எங்கன்னு நான் கேட்கலை. மஃரிபுக்கு நாங்க நாலு பேரும் நிக்கிறோம். இகாமத் பையன்தான் சொல்றான். ஒரு நாள் சொல்ல மாட்டேன்னு அடம் பிடிச்சான், அவங்க அத்தா முகம் மாறிருச்சு, அப்புறம் சின்னவ நான் சொல்றேன்னு குதிச்சதும் இவன் விட்டுக்கொடுக்காம ஓடி வந்து சொல்லிட்டான். மாமிக்கு இதெல்லாம் பிடிக்கலை, "பிள்ளையைக் கெஞ்சித் தொழ வைக்கிற காலம்"னு சொல்றாங்க. பரவாயில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். சுப்ஹுக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) என்ன செய்யுறது? எழுப்பினா கட்டையா கிடக்கிறான். தண்ணி தெளிச்சு எழுப்பலாமா?

மக்தப் உஸ்தாத்:

பதினஞ்சு வயசைப் பத்தி அவர் பயப்படுறது நியாயம்தான். அப்ப அவன் அத்தா உயரத்துக்கு நிப்பான், ஸ்கேலும் உதவாது, அத்தா மேல உள்ள மதிப்புதான் உதவும். அதைச் சேர்த்து வைக்கிற வயசு இதுன்னு சொல்லுங்க.

தண்ணி தெளிக்கிறது கணவன் மனைவி ஒருத்தரை ஒருத்தர் இரவுத் தொழுகைக்கு எழுப்புறதுக்குச் சொன்னது, அதுவும் அன்போட. உங்க ரெண்டு பேருக்கும் இடையில வச்சுக்கங்க. பையனுக்கு இப்பவே சுப்ஹைத் தொடங்க வேணாம், மஃரிபுக்கு அடுத்து இஷாவைப் பிடிங்க. சுப்ஹுக்குப் பேர் சொல்லி, தோளைத் தொட்டு ஒரு தடவை கூப்பிடுங்க. எழுந்தா நல்லது. எழலைன்னா, முழிச்சதும் முதல் வேலையா தொழட்டும், தூங்கிட்டவர் முழிச்சதும் தொழுதுக்கணும்னு ஹதீஸ் இருக்கு. எழலைன்னு காலையில மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க.

அப்புறம், சுப்ஹு கெடுறது சுப்ஹு நேரத்துல இல்லை, ராத்திரியில. இஷாவுக்கு முன்னால தூங்குறதையும் இஷாவுக்கு அப்புறம் பேசிக்கிட்டு இருக்குறதையும் நபி (ஸல்) வெறுத்தாங்கன்னு புகாரியில இருக்கு. பையன் எத்தனை மணிக்குப் படுக்கிறான்னு நீங்க எழுதலை. நீங்க ரெண்டு பேரும் எத்தனை மணிக்கு ஃபோனைக் கீழ வைக்கிறீங்கன்னும் எழுதலை. முதல்ல அதை அரை மணி நேரம் முன்னால இழுங்க, மத்ததை அடுத்த மாசம் வந்து கேளுங்க.